கூட்டோடு இறங்கிய வண்டி

ராயல் என்ஃபீல்டு என்றால் நம் ஊரில் கனம். புல்லட்டை ஒரே மூச்சில் சென்டர் ஸ்டாண்டில் போடத் தெரிந்தவனைத்தான் எங்கள் திருவொற்றியூரில் பெரியவர்கள் ஆளாகிவிட்டவனாக ஒப்புக்கொள்வார்கள். அதே கம்பெனி ஒரு காலத்தில் 60 கிலோவுக்கும் குறைவான மோட்டார் சைக்கிள் ஒன்றைச் செய்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்தால் இரண்டு சிப்பாய்கள் அதை வேலிக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்துவிடலாம். இரண்டாம் உலகப் போரில் அது கிளைடர் எனப்படும் எஞ்சின் இல்லாத மரவிமானங்களுக்குள் ஏறி, பிரான்ஸிலும் நெதர்லாந்திலும் வயல்வெளிகளில் இறங்கியது. எஃகுக் குழாயால் செய்த கூட்டுக்குள் வைத்து, பாராசூட் மாட்டி வானத்திலிருந்து போடவும் வழி செய்திருந்தார்கள். ராணுவக் கணக்கில் அதன் பெயர் டபிள்யூடி/ஆர்இ. மக்கள் வாயில் அது ஃப்ளையிங் ஃப்ளீ, பறக்கும் தெள்ளுப்பூச்சி.

இந்த வண்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் எஞ்சினில் தொடங்குவார்கள். நான் சரக்குக் கட்டும் தொழிலில் இருந்தவன். சென்னைத் துறைமுகத்துக்கும் மீனம்பாக்கம் சரக்கு முனையத்துக்கும் மரப்பெட்டி அடித்து, பட்டை இழுத்து, ஸ்டென்சில் போட்டு அனுப்பியே ஆயுளில் பெரும்பங்கைக் கழித்தேன். மோட்டார் சைக்கிள்களும் என் கையால் போயிருக்கின்றன. ஆகவே நான் கூட்டின் பக்கம் நின்று இந்தக் கதையைச் சொல்கிறேன். எந்த வண்டி விமானத்துக்குள் ஏறினாலும், அதன் நீளம், அகலம், எடை, சக்கரம் எல்லாவற்றையும் கடைசியில் தீர்மானித்தது விமானத்தின் கதவுதான். அந்தக் கதவுக்கும் வண்டிக்கும் நடுவே பெட்டி செய்தவன் ஒருவன் இருந்தான். அவன் வேலையைச் சேர்க்காமல் இந்த வரலாறு முழுமையாகாது.

முதலில், வண்டியை விமானத்துக்குள் ஏற்ற வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1940 ஜூன் 22 அன்று சர்ச்சில், குறைந்தது 5,000 பாராசூட் வீரர்கள் கொண்ட படை வேண்டும் என்று குறிப்பு எழுதினார். வானிலிருந்து ஆளை இறக்கும் வித்தையைப் பிரிட்டன் அதற்குப் பிறகுதான் தீவிரமாகக் கற்றது. கற்றுக்கொண்டபோது ஓர் உண்மை பிடிபட்டது. விமானம் உங்களை நூறு மைல் கொண்டுபோகும், ஆனால் நீங்கள் போகவேண்டிய இடத்தில் விடாது. திறந்த வெளி எங்கே இருக்கிறதோ அங்கேதான் விடும். அங்கிருந்து பாலத்துக்கோ ஊருக்கோ நடக்க வேண்டும், ஆயுதத்தையும் சுமக்க வேண்டும்.

1944 ஜூன் 6 அதிகாலையில் மேஜர் ஜான் ஹோவர்டின் ஆட்கள் வந்த கிளைடர், நார்மண்டியில் கான் கால்வாய்ப் பாலத்திலிருந்து 50 மீட்டருக்குள் போய் நின்றது. அப்படி அமைவது அபூர்வம். அதே ஆண்டு செப்டம்பர் 17 அன்று நெதர்லாந்தின் ஆர்னம் நகரில் நடந்ததுதான் வழக்கமான கதை. தரையிறங்கும் வெளிகள் அங்கே பிடிக்க வேண்டிய பாலத்திலிருந்து 13 கிலோமீட்டர் வரை தள்ளி இருந்தன. வயர்லெஸ் கருவிகள் சரியாக வேலை செய்யவில்லை. பாலத்தின் வடமுனையை ஜான் ஃப்ராஸ்டின் படை பிடித்தும், பின்னால் இருந்தவர்களோடு தொடர்பு அறுந்து அறுந்து கிடந்தது. அந்த மாதிரி நேரத்தில் தகவலை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பும் ஒரு ஆளும், அவனுக்குக் கீழே ஒரு சின்ன வண்டியும் எத்தனை பெரிய காரியம் என்று சொல்ல வேண்டியதில்லை. வானிலிருந்து இறங்கும் படைக்கு மோட்டார் சைக்கிள் இந்தக் கடைசிச் சில கிலோமீட்டருக்காகத்தான் தேவைப்பட்டது.

இந்தத் தேவை எல்லா நாட்டுக்காரர்களுக்கும் இருந்தது. ஜெர்மானியர்கள் முன்பக்கம் மோட்டார் சைக்கிள் ஃபோர்க்கும் பின்பக்கம் டாங்கிப் பட்டையும் வைத்து, ஜுங்கர்ஸ் 52 விமானத்துக்குள் அடங்கும்படி கெட்டன்கிராட் என்ற இழுவை வண்டியைச் செய்தார்கள். ஆயிரம் கிலோவைத் தாண்டும் வண்டி அது. இத்தாலியில் டுரின் நகரத்து வோலுகிராஃபோ பட்டறை, இரட்டைச் சக்கரம் பூட்டிய ஏர்மோட்டோ என்ற குட்டி வண்டியைப் பாராசூட் படைக்காகச் செய்தது. அமெரிக்காவில் குஷ்மன் கம்பெனி 1944-ல் வான்படைக்கென ஒரு ஸ்கூட்டர் கொடுத்தது. விமானக் கதவுக்கும் போட வேண்டிய வண்டிக்கும் எல்லாரும் ஒரு சமரசம் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேடல் இரண்டு வழிகளில் போனதைப் பிரிட்டனில் தெளிவாகப் பார்க்கலாம்.

முதல் வழி, வண்டியை மடக்குவது. லண்டனுக்கு வடக்கே வெல்வின் ஊரில் ஒரு மாளிகையில் ரகசியப் படைக்கு வேண்டிய கருவிகளைச் செய்யும் கூடம் இருந்தது. ஜான் டால்ஃபின் அதன் தலைவர். அங்கே ஹாரி லெஸ்டர் என்பவர் வரைந்ததுதான் வெல்பைக். வில்லியர்ஸின் 98 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், மொத்த எடை 32 கிலோ. பர்மிங்காமின் எக்செல்சியர் கம்பெனி அதை ஆயிரக்கணக்கில் செய்தது. பாராசூட்டில் சரக்குப் போட ராணுவத்திடம் ஏற்கெனவே ஓர் உருளைப் பெட்டி இருந்தது. அதன் விட்டம் 15 அங்குலம். அந்த உருளைக்குள் நுழைந்தாக வேண்டும் என்பதே வெல்பைக்குக்கு இட்ட முதல் கட்டளை.

அந்த 15 அங்குலம் வண்டியை என்ன செய்தது என்று பாருங்கள். கைப்பிடி மடங்கியது, கால் வைக்கும் கட்டை மடங்கியது, ஸ்டியரிங் தண்டு கீழே சரிந்தது, சீட்டு உள்ளே இறங்கியது. பெட்டியைத் திறந்தால் பதினொரு விநாடியில் ஓட்டத் தயாராகிவிடும் என்பார்கள். பெட்ரோல் டேங்கை உயரத்தில் வைக்க இடமில்லை, ஆகவே கார்புரேட்டருக்குக் கீழே போனது. கீழே இருக்கும் பெட்ரோல் தானாக மேலே ஏறாது. அதற்காக டேங்குக்குள் கையால் காற்றடிக்கும் பம்பு ஒன்று வைத்தார்கள். கிளம்பும் முன் சிப்பாய் பம்பு அடித்து டேங்கில் அழுத்தம் ஏற்ற வேண்டும். சஸ்பென்ஷன் இல்லை, விளக்கு இல்லை, முன்பக்கப் பிரேக் இல்லை. சக்கரமோ மிகச் சின்னது. சமதளத்தில் ஓடியது. உழுத வயலிலும், குண்டு விழுந்து பெயர்ந்த சாலையிலும் அந்தச் சக்கரம் குழியில் இறங்கினால் எழுவது சிரமம். உருளைப் பெட்டியும் சில நேரம் ஆளுக்கு வெகு தொலைவில் போய் விழுந்தது. தேடி எடுப்பதற்குள் போன வண்டிகள் நிறைய.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஆசாரி ராயபுரத்துக்காரர். பெட்டி அடிக்கக் கூப்பிட்டால் டேப்பை எடுத்துக்கொண்டு நேரே சரக்கிடம் போகமாட்டார். நான் அவசரப்படும்போது, “தம்பி, சரக்க அப்புறம் அளக்கலாம். மொதல்ல அது நொழையற வாசல அள. ரெண்டுத்துக்கும் நடுவுல எவ்ளோ எடம் மிச்சம்னு தெரிஞ்சாதான் பலக அறுக்கணும்” என்பார். “வாசல் சின்னதா இருந்தா என்னண்ணே பண்றது?” என்று கேட்டேன். “சரக்க கழட்டலாமான்னு பாரு. கழட்டுனா கெட்டுப்போவும்னா, வேற வாசலத் தேடு” என்றார். வெல்பைக்கின் கதையைப் படிக்கும்போதெல்லாம் அவர் சொன்னது நினைவுக்கு வரும். வாசலுக்காக அந்த வண்டியை அளவுக்கு மீறிக் குறுக்கிவிட்டார்கள். செய்தவர்களின் திறமையில் குறை இல்லை. அவர்களுக்குக் கொடுத்த வாசல் சின்னது.

இரண்டாவது வழி ஒரு கொடுமையிலிருந்து பிறந்தது. ஜெர்மனியில் ச்சோபாவ் ஊரின் டிகேடபிள்யூ கம்பெனி 1930-களில் ஆர்டி 100 என்ற 98 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டியைச் செய்துவந்தது. விலை குறைவு, பழுது குறைவு. நெதர்லாந்தில் ரோட்டர்டாமின் ஸ்டோக்விஸ் நிறுவனம் அதை இறக்கி விற்றது. அந்த நிறுவனத்தின் நிர்வாகத்தில் யூதர்கள் இருந்தார்கள். அதற்காகவே 1938-ல், நாஜி ஆட்சியின் கீழ், விற்பனை உரிமை அவர்கள் கையைவிட்டுப் போனது. கடையை மூடாமல் ஸ்டோக்விஸ்காரர்கள் இங்கிலாந்துப் பக்கம் திரும்பினார்கள். இதே போல் ஒரு வண்டி, எஞ்சின் மட்டும் 125 சிசி வேண்டும் என்று ராயல் என்ஃபீல்டிடம் கேட்டார்கள்.

ராயல் என்ஃபீல்டு இருந்த ரெடிட்ச், தையல் ஊசிக்குப் பேர்போன ஊர். அந்தக் கம்பெனியின் வேரே 1851-ல் ஜார்ஜ் டவுன்சென்ட் நடத்திய ஊசித் தொழிலில் இருக்கிறது. அங்கே டெட் பார்டோ என்ற வடிவமைப்பாளர் ஸ்டோக்விஸ் கேட்டதைச் செய்து கொடுத்தார். 1939 ஏப்ரலில் ரோட்டர்டாமில் அது ‘ராயல் பேபி’ என்ற பெயரில் மக்கள் முன் வந்தது. மூன்று கியர், கையால் மாற்ற வேண்டும். பின்பக்கம் ஸ்பிரிங் கிடையாது. முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் வளையங்கள். சக்கரம் மட்டும் 19 அங்குலம், முழு அளவு.

நெதர்லாந்துக்கு அந்த வண்டி போய்ச் சேர்ந்து பெருகக் காலம் விடவில்லை. 1940 மே 14 அன்று ஜெர்மன் விமானங்கள் ரோட்டர்டாமின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கின. வாங்க இருந்த ஊரே போய்விட்டது, வரைபடம் ரெடிட்சில் தங்கிவிட்டது. பெரிய ராணுவ வண்டிகளிடையே இந்தச் சின்ன வண்டியை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘தி மோட்டார் சைக்கிள்’ இதழின் ஆசிரியர் ஆர்தர் போர்ன், எடை குறைந்த வண்டிகள் படைக்கு வேண்டும் என்று விடாமல் வாதாடியவர்களில் ஒருவர். 1942-ல் வான்படைக்கு வண்டி தேடியபோது ரெடிட்சின் இந்தச் சின்ன வண்டி கண்ணில் பட்டது.

மடக்கத் தேவையில்லாத அளவு அது லேசு. ஆனால் முழுச் சக்கரம், முழு ஃபிரேம் உள்ள வண்டியை வானத்திலிருந்து எப்படிப் போடுவது? அதற்குத்தான் கூடு. என் தொழிலின் கண்ணால் இந்தக் கூட்டின் படத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எஃகுக் குழாயை வளைத்து வண்டியைச் சுற்றிலும் ஒரு சட்டம். வண்டியின் கைப்பிடியைத் தளர்த்தி, உடம்போடு ஒட்டியபடி திருப்பிவிடலாம். கிக்கரும் கால் வைக்கும் கட்டையும் மடங்கும். அப்படிச் செய்ததும் வண்டியின் அகலம் அதன் எஞ்சின் அகலத்துக்குக் குறுகிவிடும். அதைக் கூட்டுக்குள் நிறுத்தி இறுக்கிக் கட்ட வேண்டும். தரையில் மோதும்போது அடி வாங்குவது கூடுதான். குழாய் வளைந்து அந்த வேகத்தைத் தின்றுவிடும், சக்கரத்தின் ரிம்முக்கோ ஃபோர்க்குக்கோ போகவிடாது. பலகையால் பெட்டி அடிக்கும்போது நாங்கள் பார்ப்பதும் இதையேதான். பெட்டி உடையலாம், உள்ளே இருப்பது உடையக் கூடாது. விழுந்த இடத்தில் கட்டை அவிழ்த்து வண்டியை வெளியே எடுத்து, கைப்பிடியைத் திருப்பி இறுக்கினால் போதும். கூடு வயலிலேயே கிடக்கும்.

இந்த வண்டியும், வில்லியர்ஸ் எஞ்சின் பூட்டிய ஜேம்ஸ் எம்எல் என்ற அதன் கூட்டாளியும் பெரும்பாலும் கிளைடரில் போயின. ஏர்ஸ்பீடு ஹோர்சா என்ற அந்தக் கிளைடரின் இறக்கை 27 மீட்டர், நீளம் 20 மீட்டர். உடம்பு முழுக்க மரமும் பிளைவுட்டும். லண்டனில் டாட்டன்ஹாமில் ஹாரிஸ் லீபஸ் என்ற பெரிய நாற்காலி மேசைக் கம்பெனி இருந்தது. கட்டிலும் அலமாரியும் செய்த அந்தத் தச்சர்கள் போர்க்காலத்தில் ஹோர்சாவின் பாகங்களைச் செய்தார்கள். உலோகம் தட்டுப்பாடாக இருந்த காலத்தில் மரத்தொழிலாளிகள் விமானம் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. எங்கள் ஆசாரி இருந்திருந்தால் அந்த இணைப்புகளைத் தடவிப் பார்த்திருப்பார்.

ஹோர்சாவின் முன்பகுதியில் இடப்பக்கம் சரக்குக் கதவு இருந்தது. ஜீப்பை வேகமாக வெளியே எடுக்க வேண்டுமானால் கிளைடரின் வாலையே கழற்ற வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளுக்கு அந்தத் தொல்லை இல்லை, கதவு வழியே இறக்கிவிடலாம். கிளைடர் கடிவாளம் இல்லாமல் வயலில் மோதி நிற்கும் வாகனம். நிற்கும்போது உள்ளே இருக்கும் எல்லாமே முன்னால் பாயப் பார்க்கும். அதனால் கட்டும் ஆள் முக்கியமாகப் பின்னோக்கி இழுத்துக் கட்ட வேண்டும். பக்கவாட்டுக் கட்டு தளர்ந்தால் வண்டி சாயும், அவ்வளவுதான். முன்பாய்ச்சலைத் தடுக்கும் கட்டு விட்டால் வண்டி விமானியின் முதுகில் போய் விழும். சரக்கு விமானத்தில் கட்டும் எங்களுக்கும் இன்றுவரை இதுவே முதல் பாடம்.

போர் முடிந்தபின் இரண்டு வண்டிகளும் வீட்டுக்கு வந்தன. வெல்பைக்கின் வடிவத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, டால்ஃபின் முன்னின்று கோர்கி என்ற மடக்கு வண்டி உருவானது. சவுத்போர்ட்டில் பிராக்ஹவுஸ் கம்பெனி அதை 1948 முதல் 1954 வரை விற்றது. பெட்ரோல் ரேஷன் இருந்த காலத்தில் சாதாரணக் குடும்பங்களுக்கு அது உதவியது. தெள்ளுப்பூச்சியோ ராணுவ வேஷத்தைக் கழற்றிவிட்டு மாடல் ஆர்இ என்று சாலைக்கு வந்தது. ஆர்டி 100-இன் அண்ணன் தம்பி வகையான ஆர்டி 125-இன் வரைபடம் போரில் வென்றவர்கள் கைக்குப் போய், இங்கிலாந்தில் பிஎஸ்ஏ பேண்டமாகவும் அமெரிக்காவில் ஹார்லி 125 ஆகவும் மாறியது. ஜப்பானில் யமஹா 1955-ல் செய்த முதல் மோட்டார் சைக்கிளான ஒய்ஏ-1 அதைப் பார்த்துச் செய்ததுதான். ஆர்எக்ஸ் 100-இல் கல்லூரிக்குப் போன நம் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ச்சோபாவ் ஊர் ஒரு வகையில் சொந்தம்.

ஆசாரி சொன்ன “வேற வாசலத் தேடு” என்ற மூன்றாவது வழியும் அப்போது வந்தது. பிரிஸ்டல் ஃப்ரெய்ட்டர் என்ற விமானம் பர்மாக் காடுகளின் போரை மனத்தில் வைத்து வரையப்பட்டது. ஒரு ராணுவ லாரியை அப்படியே விழுங்க வேண்டும் என்பது நோக்கம். அதன் மூக்கு இரண்டாகப் பிளந்து கதவாகத் திறக்கும், விமானிகள் அதற்கு மேலே உட்கார்ந்திருப்பார்கள். முதல் விமானம் பறந்தது 1945 டிசம்பரில், அதற்குள் போர் முடிந்துவிட்டது. 1948 ஜூலையில் சில்வர் சிட்டி ஏர்வேஸ் அதை இங்கிலீஷ் கால்வாய்க்கு மேலே ஓட்டத் தொடங்கியது. இங்கிலாந்தின் லிம்ப்னிலிருந்து பிரான்ஸின் லெ தூக்கேவுக்கு ஏறத்தாழ இருபது நிமிடம். கார்களோடு மோட்டார் சைக்கிள்களும் சாய்தளத்தில் ஏறி மூக்கு வழியே உள்ளே போயின. ஓட்டியவரும் கூடவே பறந்து, அந்தப் பக்கம் இறங்கி, கிக்கரை உதைத்துப் பாரிஸ் சாலையில் போய்விடலாம். எதையும் மடக்க வேண்டாம், கூடும் வேண்டாம். 1954-ல் இங்கிலாந்தின் லிட் என்ற ஊரில் இதற்கென்றே ஒரு விமான நிலையம் கட்டினார்கள். பிறகு வண்டிகள் நேரே ஏறி இறங்கும் கப்பல்கள் மலிவாகப் பெருகின. அத்தனை பெரிய வாசலை ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு பறக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை.

சொந்தச் சின்ன விமானம் வைத்திருப்பவர்களுக்கு இன்றைக்கும் வெல்பைக் காலத்துக் கணக்குதான். சின்ன விமான தளங்கள் ஊருக்கு வெளியே இருக்கும். இறங்கியபின் ஊருக்குள் போக வண்டி கிடைக்காது. செஸ்னா 172-இல் பின்புறச் சாமான் பகுதிக்கு அனுமதி 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. இறகாகத் தோன்றும் தெள்ளுப்பூச்சியே அந்த வரம்பைத் தாண்டிவிடும். வெல்பைக்கின் 32 கிலோ தேறும். சிசிலித் தீவின் டி பிளாசி கம்பெனி செய்யும், ஏறக்குறைய 30 கிலோ எடையுள்ள மடக்கு மொபெட்டை விமானக்காரர்களும் படகுக்காரர்களும் விரும்பி வாங்குவது இதனால்தான். முழு வண்டியே வேண்டும் என்றால், பின்பக்கம் இரட்டைக் கதவு உள்ள செஸ்னா 206 போன்ற விமானத்தில் இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஏற்றுவார்கள். அப்போது எடை மட்டும் பார்த்தால் போதாது. எடை எங்கே உட்காருகிறது என்பது அதைவிட முக்கியம். வண்டி கொஞ்சம் பின்னால் போய்விட்டால் விமானத்தின் ஈர்ப்பு மையம் பின்னால் போகும். மூக்கு தூக்கிக்கொள்ளும், விமானியால் இறக்க முடியாது. ஆகவே எஞ்சினுள்ள கனமான பகுதி முன்னால் வரும்படி நிறுத்தி, ஒவ்வொரு கிலோவையும் தூரத்தால் பெருக்கி எழுதிப் பார்த்தபின்தான் புறப்படுவார்கள்.

பயணிகள் விமானத்தின் வயிற்றில் போகும் வண்டிகளுக்கும் கதவுக் கணக்கு போகவில்லை, காசுக் கணக்காக மாறியிருக்கிறது. விமானச் சரக்கில் நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் கன அளவு எடை. ஒரு புல்லட்டை அப்படியே நிறுத்தி 220, 80, 120 என்று பெட்டி அடித்தால் 352 கிலோ வரும். முன் சக்கரத்தைக் கழற்றி, ஃபோர்க்கைத் தாழ்த்தி, கைப்பிடியையும் கண்ணாடியையும் எடுத்துப் பக்கத்தில் சுற்றி வைத்து 190, 60, 100 என்று அடக்கினால் 190 கிலோ. பெட்டியோடு வண்டியின் நிஜ எடை 240 என்று வைத்துக்கொண்டால், முதல் பெட்டியில் காற்றுக்கு மட்டும் 112 கிலோவுக்குப் பணம் கட்டுகிறோம். 1942-ல் ரெடிட்சில் கைப்பிடியைத் திருப்பியவர் செய்த வேலையையே நாங்களும் செய்தோம்.

பெட்ரோலை இயன்றவரை வடிக்க வேண்டும், கால் டேங்குக்கு மேல் இருக்கவே கூடாது. பேட்டரி அசையாமலும் முனைகள் உரசாமலும் இருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு அபாயச் சரக்கு என்ற கோடு போட்ட லேபிள் ஒட்ட வேண்டும். சஸ்பென்ஷனைப் பாதி அழுத்தி வைத்துப் பட்டை இழுக்க வேண்டும். முழுக்க அழுத்தினால் ஆயில் சீல் போய்விடும், அழுத்தாமல் விட்டால் விமானம் குலுங்கும்போது பட்டை தளர்ந்துவிடும். உலகம் சுற்றும் பைக்குக்காரர்கள் சாலை முடியும் இடங்களில் இப்படித்தான் ஆகாயம் ஏறுகிறார்கள். பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவே சாலையே இல்லை. மியான்மர் வழி கிடைக்காதவர்கள் காத்மாண்டுவிலிருந்து பாங்காக்குக்கு வண்டியை விமானத்தில் அனுப்புகிறார்கள். படைவீரனுக்கு இருந்த அதே பிரச்சினை, நேர் தலைகீழாக. அங்கே விமானம் நின்ற இடத்தில் வண்டி தொடர்ந்தது, இங்கே வண்டி நின்ற இடத்தில் விமானம் தொடர்கிறது.

எங்கள் ஊர்க் கதையும் பெட்டியில்தான் தொடங்குகிறது. 1955-ல் ரெடிட்ச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதல் புல்லட்டுகளின் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே ஆனது. ரெடிட்ச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டது. பத்து வருடம் கழித்து, 1977-ல், திருவொற்றியூர் புல்லட்டுகள் பெட்டியேறிப் பிரிட்டனுக்கே போகத் தொடங்கின. வந்த வழியிலேயே திரும்பிப் போன அந்தப் பெட்டிகளை அடித்தவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள். அவர்கள் பெயர் எந்த விளம்பரத்திலும் இல்லை.

2018-ல் ராயல் என்ஃபீல்டு, தெள்ளுப்பூச்சியின் நினைவாகக் கிளாசிக் 500 பெகாசஸ் என்ற வண்டியை உலகம் முழுவதற்கும் 1,000 மட்டும் செய்தது. அதில் 250 இந்தியாவுக்கு வந்தன, கண்மூடித் திறப்பதற்குள் விற்றுத் தீர்ந்தன. 2024 நவம்பரில் மிலன் கண்காட்சிக்காக ஃப்ளையிங் ஃப்ளீ என்ற பழைய பெயரிலேயே சி6 என்ற மின்சார வண்டியை அறிமுகப்படுத்தியது. அதன் முன் ஃபோர்க் அந்தக் காலத்து கர்டர் வடிவத்தை நினைவூட்டுகிறது. ஸ்டோக்விஸின் கடையில் தொடங்கிய வண்டியின் பெயர் சென்னைக் கம்பெனியின் சொத்தாக உயிரோடு இருப்பதில் எனக்கு மனநிறைவு உண்டு.

ஒரு கோரிக்கையும் உண்டு. தெள்ளுப்பூச்சியைச் சில இடங்களில் அதன் எஃகுக் கூட்டோடு சேர்த்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதுதான் முறை. கூடு இல்லாமல் பார்த்தால் அது ஒரு பழைய சின்ன வண்டி. கூட்டோடு பார்த்தால்தான் கைப்பிடி ஏன் திரும்புகிறது, எடை ஏன் அவ்வளவு குறைவு, எவ்வளவு உயரத்திலிருந்து எப்படிப்பட்ட மண்ணில் விழ வேண்டியிருந்தது என்பதெல்லாம் குழந்தைக்கும் புரியும். நம் ஊரில் பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்துக் குரோம் பளபளக்க நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள், அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் 1977-க்குப் பின் வெளிநாடு போன புல்லட்டின் மரப்பெட்டி எப்படி இருந்தது, எந்தப் பலகை, எத்தனை ஆணி, எந்த எழுத்தில் ஸ்டென்சில் என்று கேட்டால் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? அந்தப் பெட்டிகளை அடித்த ஆசாரிகளில் சிலர் திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் இன்னும் இருக்கிறார்கள். அளவுகள் அவர்கள் நினைவில் இருக்கின்றன. அவர்களை உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அவர்கள் கையாலேயே ஒரு பெட்டியை அடித்து வாங்கி வண்டிக்குப் பக்கத்தில் வையுங்கள், செய்தவர் பெயரைப் பலகையில் எழுதுங்கள். அதற்குப் பலகையும் ஆணியும் ஒரு வாரக் கூலியும் போதும்.